இருபது கிலோ வரை இலவசம்

கடுவையாறு கடலில் விழும் இடத்தில்
நாகைத் துறைமுகத்தின் பயணிகள் முனையம்.
எடை இயந்திரத்துக்குப் பின்னால் என் நாற்காலி.
ஒப்பந்தக் கூலி, மாதம் பன்னிரண்டாயிரத்து நானூறு.
இரண்டு நாட்டு உறவு
என் முன்னால் கிலோவில் வந்து நிற்கும்.

போகும்போது நைட்டி, எவர்சில்வர் கேரியர், பெருங்காயம்,
பட்டு என்று சொல்லப்படும் சூரத் புடவை.
வரும்போது தேயிலை, பிஸ்கட், ஒடியல் மா.

டாலரைச் சேமிக்கத் தீவு மஞ்சளைத் தடுத்த வருஷம்
இந்த முனையம் இல்லை.
இருட்டில் படகுகள் சுமந்தன.
கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையில் தடவுவது
சுங்கச் சட்டத்தில் குற்றமாவதை
அப்போதுதான் பார்த்தேன்.

சென்ற மாதம் டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது.
தீவின் தென்கோடித் துறைமுகம்
தொண்ணூற்றொன்பது வருஷத்துக்கு வேறொருவர் கையில்,
ஆகவே வடகோடியில் நாம் கால் வைக்க வேண்டும் என்று
ஒருவர் மற்றவரிடம் சொன்னார், ஆங்கிலத்தில்,
எனக்குப் புரியாது என்ற நம்பிக்கையில்.
பிறகு என் பக்கம் திரும்பி
"வர்த்தக அளவு எவ்வளவும்மா?"
"நேற்றா? ஆயிரத்து நூற்றிப் பத்து கிலோ."
சிரித்தார்கள். அவர்கள் கேட்டது கோடியில்.

மேட்டூரில் திறந்த தண்ணீர்
மதகு மதகாகக் கழிந்து
கடைமடைக்குக் கணுக்கால் அளவில் வந்து சேரும் ஊர் இது.
டி.எம்.சி.யில் பேசுவதும்
குடத்தில் வருவதும்
எங்களுக்குப் பழக்கம்.

பாத்திமுத்து வாரம் இரண்டு முறை போகிறாள்.
குருவி என்பார்கள்.
குருவிக்கு இருபது கிலோ இலவசம்.
அங்கே ரூபாய் சரிந்தால்
பத்திரிகையில் வருவதற்கு முன்பே
அவள் பையில் நைட்டி குறையும்,
பெருங்காயம் கூடும்.

அக்கரைப்பேட்டையிலிருந்து போன என் தம்பி சிங்காரவேல்
கோட்டைத் தாண்டினான் என்று
யாழ்ப்பாணச் சிறையில் இருபத்தாறு நாள்.
தண்ணீரில் கோடு எங்கே என்பதைப்
பிடித்த பிறகுதான் சொல்வார்கள்.
அதே கோட்டை
டிக்கெட் எடுத்துத் தாண்டுகிறாள் பாத்திமுத்து,
ஏசியில், மடியில் வாந்திப் பையோடு.

"ரெண்டு கிலோ கொண்டு போவியா?"
"என்ன?"
"கருவாடு. நெத்திலி, கொஞ்சம் சுறா."
அவளிடம் சரக்கு எடுக்கும் தவமலரின் புருஷன்
சிறைக்குக் காய்கறி போடுகிறவன். வழி இருந்தது.
விரல் மடக்கினாள்.
"ரெண்டு கிலோ பெருங்காயம் வெச்சா எண்ணூறு நிக்கும்.
நீ நானூறு குடு. மீதி பாதி எம்மேல."

கொடுத்தேன்.
சும்மா கேட்டிருந்தாலும் மறுத்திருக்க மாட்டாள்.
ஆனால் அடுத்த முறை
அவள் பையை எடை போடும்போது
என் கண் தாழ்ந்திருக்கும்.

அன்று மாலை வங்கக் கடலில் தாழ்வு மண்டலம்.
மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
கப்பல் ரத்து. மறுநாளும். ஆறு நாள்.
சம்பா வயல்களில் தண்ணீர் நின்றது.
முனையத்தின் டிவியில்
இரண்டு கொடிகளுக்கு முன்னால் யாரோ கையெழுத்திட்டார்கள்:
எண்ணெய்க் குழாய், மின்கம்பி, கடல்வழி நெருக்கம்.
என் அலமாரியிலிருந்து வாடை அடிக்கிறது என்று
சுங்க அதிகாரி ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.
மழை உள்ளே வந்தது.

ஏழாம் நாள் கப்பல்.
கட்டிய அன்று சரியாக இருபதில் நின்ற பை
இருபது கிலோ ஐம்பது கிராம்.
ஈரக்காற்றைக் குடித்துக்
கருவாடு கனத்திருந்தது.
சிவப்பு எண்கள் எரிந்தன.
அதிகாரி என் தோளுக்குப் பின்னால்
யாருடனோ போனில்.

"மழைக்கும் காசு கேப்பியா?" என்றாள்
சிரிக்காமல்.

வேலைக்கு வந்த ஏழு மாதத்தில் முதல் முறை
பேரேட்டில் தவறாக எழுதினேன்: இருபது.
அந்த ஐம்பது கிராம்
எந்த நாட்டு ஏற்றுமதியிலும் இல்லை.

அடுத்த ஆள் பையைத் தூக்கி வைத்தார்.
இருபத்தொன்று இருநூறு.
கூடுதலுக்குக் கட்டிவிட்டு வரச் சொன்னேன்.