எட்டு மணி வரை மேற்கு

சனிக்கிழமைக்கு இப்படிச் சொல்கிறது:
அலை ஒன்றரை மீட்டர், தென்கிழக்கிலிருந்து.
அலைக்கும் அலைக்கும் நடுவே பதினொரு நொடி.
காற்று எட்டு மணி வரை மேற்கு, ஆறு நாட்.
அதன் பிறகு தெற்கு, முப்பது.
முப்பதின் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி
கோபக்காரரின் விரல் மாதிரி.

வியாழன் இரவு அது பத்து மணி என்றது.
வெள்ளி மதியம்
ரத்த மாதிரிகளுக்குப் பெயர் ஒட்டுகிற இடைவெளியில் பார்த்தேன்,
ஒன்பது என்றது.
இப்போது எட்டு.
தவணை தேதிக்கு முன்பே வாசலில் நிற்கும் கடன்காரன் இந்தத் தெற்கு.

மேற்கென்றால் நல்லது.
கரையிலிருந்து கடலுக்கு வீசும்.
எழுகிற அலையை நெற்றியில் கைவைத்து நிறுத்தும்,
உடையாதே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று.
கோடை என்று அதற்கு நம்மிடம் பெயருண்டு.
தெற்குக்கும் உண்டு: தென்றல்.
நியூகாசிலில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்வது?
இங்கே தெற்கு வந்தால்
எங்கள் குப்பைத்தொட்டி தெருவைக் கடந்து
எதிர்வீட்டு வாசலில் போய் நிற்கும்.
முப்பத்தெட்டு டிகிரி, ஒரு தேநீர் ஆறுவதற்குள்
இருபத்திரண்டாகிவிடும்.
தென்றலாம்.

"எப்ப வருவே?"
சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டாள் காந்திமதி.
எட்டரை என்றேன்.
"போன வாரமும் எட்டரைதான்."
அவளுடைய முன்னறிவிப்பு பெரும்பாலும் பலிக்கிறது.

ஐந்து ஐம்பது. நாபீஸ் கடற்கரை.
இரவு முழுக்க பஸ் ஓட்டிவிட்டு
சீருடையோடு சுவரில் உட்கார்ந்திருந்தான் மிலோஷ்.
"மணல் இடம் மாறிடுச்சு" என்றான்,
யாரோ அவன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனதுபோல.

பாறை உள்ள கடலில்
அலை சொன்ன இடத்தில் உடையும்.
இங்கே அடியில் வெறும் மணல்,
அதற்கு வாக்கு கிடையாது.
போன சனி கொடிக்கு நேரே உடைந்தது
இன்று கழிப்பறைக்கு நேரே உடைகிறது.
நடுவில் ஒரு பள்ளம்.
அதன் வழியே தண்ணீர்
சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கிறது.
அது எந்த அறிவிப்பிலும் இல்லை.
பழுப்பாக, சாதுவாக, குளிக்க வா என்பதுபோல் இருக்கும்.
விடுமுறைக்கு வந்த என் மைத்துனன்
அங்கேதான் வேட்டியை மடித்துக் கட்டினான்.

உள்ளே போய் எண்ணிப் பார்த்தேன்.
பதினொன்று இல்லை.
ஒன்பது, பதினான்கு, மறுபடி ஒன்பது,
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே இல்லை.
சராசரி என்பது கரையில் இருப்பவர்களுக்கு.

நான்கு அலை கிடைத்தது. மூன்றில் விழுந்தேன்.
ஒன்றில் மட்டும் எழுந்து நின்று,
எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை,
என் நிழல் எனக்கு முன்னால்
பச்சைத் தண்ணீரில் ஓடியது.

அடிவானத்தில் நிலக்கரிக்குக் காத்திருக்கும் கப்பல்கள் ஒன்பது.
நங்கூரமிட்ட கப்பல் காற்றைத்தான் பார்த்து நிற்கும்.
ஒன்பதும் மேற்கைப் பார்த்தபடி,
அதாவது எங்களை.
இவ்வளவு மோசமாக விழுகிற ஒருத்தரை
இத்தனை இரும்பு சேர்ந்து பார்த்திருக்காது.

ஏழு பதினெட்டு.
தெற்கோரக் கப்பல் மெல்லத் தலையைத் திருப்பியது.
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
எங்கள் முதுகில் இன்னும் அதே சூடான மேற்கு.
மிலோஷ் என்னைப் பார்த்தான்.
இரண்டாவது கப்பல் திரும்பியது.

இந்த முறை எட்டரைக்கு முன்பே வீட்டில் இருப்பேன்.
காந்திமதி நம்பமாட்டாள்.

"இன்னொண்ணுக்கு நேரமிருக்கு" என்றான்.
எண்ணத் தொடங்கினோம்,
அவன் அவனுடைய மொழியில், நான் என்னுடையதில்.
ஐந்து.
மூன்றாவது கப்பல்.
ஆறு.
தூரத்தில் தண்ணீரின் நிறம்
கறுத்துச் சுருங்கிக்கொண்டு வருகிறது.
ஏழு.