மரத்துக்குள்ளிருந்து வந்த பதில்கள்

நஹூதுக்கு மேற்கே
லாரித் தடம் மணலில் கரைகிற இடத்தில்
நூற்றுப் பதினேழாவது மரத்தின் முன் நின்றேன்,
கக்கத்தில் நீர்த்துறைப் பேரேடு.
பொந்தன்புளி. இந்த ஊர்ச் சொல்லில் தபல்தி.
எட்டுப் பேர் கைகோத்தாலும்
ஒரு கை குறையும் இடுப்பு.
இரண்டாள் உயரத்தில் வெட்டிய வாசல்,
அதிலிருந்து தொங்கும் கயிறு.
ஆளைக் காணோம்.

"யாருடைய மரம்?" என்றேன் பொதுவாக.
"என்னுடையது" என்றது மரம்.

பேரேடு கைநழுவியது.
பக்கத்தில் அசைபோட்ட ஒட்டகம்
என்னைப் பார்த்துச் சிரித்ததாகவே
இன்றும் நினைக்கிறேன்.
"பயப்படாதே, உள்ளே தூர் வாருகிறேன்.
மழைக்கு இருபது நாள்தான் இருக்கிறது.
நீ பாட்டுக்குக் கேள், எழுது."

முதல் கட்டம்: பெயர்.
"தாஜா. மரத்துக்கு மறதிக்காரி.
வாங்கிய வருடம், விடிய விடிய
முந்நூறு தோல்வாளி தண்ணீர் ஊற்றினோம்.
காலையில் எட்டிப் பார்த்தால் வவ்வால் எச்சம்.
எங்கேடி வைத்தாய் என்றால்
சொல்லத் தெரியவில்லை இவளுக்கு."
விரிசலா?
"நகம்கூட நுழையாத விரிசல்.
தார் உருக்கி அடைத்தோம். துப்பிவிட்டாள்.
ஆறு வருடம் கழித்துத் தானாகவே
பட்டையை இழுத்து மூடிக்கொண்டாள்.
பெயர் மட்டும் போகவில்லை.
சின்ன வயதில் உனக்கு வைத்த பட்டப்பெயர்
போய்விட்டதா என்ன?"
போகவில்லை.
அதை நான் ஏட்டில் எழுதவில்லை.

அடுத்தது வயது.
"எனக்கா, இவளுக்கா?"
இருவருக்கும் என்றேன்.
மண்வெட்டிச் சத்தம் நின்றது.
"தெரியாது என்று இரண்டு முறை எழுது."

பங்குதாரர் உண்டா?
ஒரு கூடைச் சேறு மேலெழுந்து
என் செருப்பருகே விழுந்தது.
"தம்பி ஹம்தான் தன் பாதியை விற்றான்,
ஒரு மோட்டார் சைக்கிளுக்கு.
வாங்கிய பிசின் வியாபாரி
நாலு பீப்பாயோடு வந்து நின்றான்.
பாதி என்றால் எந்தப் பாதி என்றேன்.
நெடுக்காகப் பிளந்தால் விறகுக்கும் ஆகாது.
குறுக்காகத்தான் பிரிக்க வேண்டும்.
மேல்பாதி உனக்கு:
இலை, காய், ராத்திரிப் பூ,
பூவுக்கு வருகிற வவ்வால்.
கீழே இருப்பது எனக்கு.
ஒரு பகல் முழுக்க அண்ணாந்து நின்றான்,
கழுத்துப் பிடித்துக்கொண்டது பாவம்.
வழிக்கு ஒரு பீப்பாய் தண்ணீர் கொடுத்தேன்.
காசுக்குத்தான்."

கடைசிக் கட்டம்: கொள்ளளவு, லிட்டரில்.
இதற்கு உடனே பதில் இல்லை.
பிறகு குரல் கொஞ்சம் அடங்கி வந்தது.
"மழை பொய்த்த வருடம்
தினமும் இருட்டில் வெளியே நின்று
விரல் முட்டியால் தட்டுவேன்.
தண்ணீர் இருக்கும்வரை ஊமைச் சத்தம்,
அதற்கு மேலே பறைச் சத்தம்.
தோளில் தொடங்கியது
இடுப்புக்கு இறங்கியது.
முழங்காலில் குனிந்து தட்டினேன்.
கணுக்காலில், படுத்துக்கொண்டு.
அன்றைக்குத்தான் மழை.
ஏழு வீடு, முப்பத்தொரு ஆடு, ஒரு பிரசவம்.
அவ்வளவு கொள்ளும். எழுதிக்கொள்."

எழுதிப் பார்த்தேன்.
லிட்டர்க் கட்டத்துக்குள் அது கொள்ளவில்லை,
ஓரத்தில் வழிந்து
நூற்றுப் பதினாறாவது மரத்தின் மேல் ஏறியது.

கையெழுத்துக்குப் பேரேட்டைக்
கூடையில் வைத்தேன். மேலே போனது.
திரும்பி வந்தபோது
ஈரச் சேற்றில் ஒரு கட்டைவிரல் ரேகை.
நன்றி சொல்ல வேறு வழி தெரியாமல்
பட்டையில் ஒருமுறை தட்டினேன். பறை.
உள்ளிருந்து இரண்டு தட்டு, பதிலுக்கு.
முகத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை.

அரை மைல் தள்ளி
நூற்றுப் பதினெட்டாவது மரம்.
ஏட்டைத் திறக்கும் முன்
அதற்கு ஸலாம் சொன்னேன்.
பதில் இல்லை.
இருந்தாலும் கொஞ்ச நேரம்
காத்திருந்தேன்.