நாலு பத்து

கேப்டன் காட்டன் கால்வாய் எங்கள் தெருவுக்குச்
சொல்லாமல் வரும்.
வருகிறேன் என்று சொன்னவர்கள்தான்
வந்ததில்லை.
"பாத்துக்கலாம்", "மேல எழுதிருக்கோம்", "லைன்ல இருங்க":
மூன்றையும் அவரவர் குரலிலேயே
பேசிக்காட்டுவான் தனகோட்டி.

அந்தக் கார்த்திகையில்
தையல் மிஷினின் பெடலுக்கு மேல் தண்ணீர்.
ரெயின்கோட்டில் ஒரு பெண் வந்து நின்றாள்.
வார்டுக்குப் புதிய உதவிப் பொறியாளர்,
ஹெப்சிபா என்றது பேட்ஜ்.
"மோட்டார் நாலு மணிக்கு வரும்."

தெருவே சிரித்தது.
"எந்த வருஷத்து நாலு மணி?" என்றாள்
மீன்கார அஞ்சலாட்சி.
அவள் சிரிக்கவில்லை, முறைக்கவுமில்லை.
துணியில் கோடு போடும் என் நீலச் சாக்கை வாங்கி
கதவின் உட்புறம் 4 என்று எழுதிவிட்டுப் போனாள்.

நாலானது.
எங்களுக்குப் பழகிய நிம்மதி வந்தது.
ஏமாந்துவிட்டால்
அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை.

நாலு பத்துக்கு டிராக்டர் சத்தம்.
"கொருக்குப்பேட்டை கேட்டுல கூட்ஸ் நின்னுடுச்சு.
பத்து நிமிஷம் லேட்டு. மன்னிச்சிடுங்க."

லத்தி தெரியும், டோக்கன் தெரியும்,
நிவாரணப் பட்டியலில் விடுபட்ட பெயர் தெரியும்.
பத்து நிமிஷத்துக்கு மன்னிப்புக் கேட்கும் சர்க்காரிடம்
எந்த முகத்தை வைத்துக்கொள்வது?
"பரவால்லம்மா, டீ குடிக்கிறியா" என்றாள் அஞ்சலாட்சி,
அடுப்பு தண்ணீருக்குள் கிடப்பதை மறந்து.

ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் நின்றது.
சத்தம் நின்றதும் தெரு விழித்துக்கொண்டது.
டீசல் இல்லை.
படகுக்கு வைத்திருந்த கேனைத்
தலையில் தூக்கிக்கொண்டு போனான் தனகோட்டி.
யாரும் அவனைக் கேட்கவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
அவள் ரசீது எழுதினாள்.
பணம் தை மாசம் வந்தது, இருபது ரூபாய் குறைவாக.
ஏன் குறைந்தது என்று ஒரு தாளும் வந்தது.
அந்தத் தாளைத்தான் அவன்
எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

அடுத்த மழைக்குள் அவளுக்கு மணலிக்கு மாற்றல்.
டிவியைத் தரைக்கு இறக்கிவிட்டோம்.
பிரிட்ஜ் இன்னும் செங்கல் மேல்தான்.

நேற்று புதியவர் வந்தார்.
சட்டைப் பித்தான் ஒன்று தொங்கியது, தைத்துக் கொடுத்தேன்.
கதவைப் பார்த்து, "இது என்ன நாலு?" என்றார்.
சொன்னேன்.
கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல்
கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.