பன்னிரண்டாம் மாடி வாளி

பள்ளிக்கரணையில் உயரம் என்று எதுவும் இல்லை.
சதுப்பு நிலம், குப்பைமேடு, மேம்பாலம்,
பிறகு எங்கள் டி பிளாக்.
ஜார்ஜியாவில் ஐயாயிரம் மீட்டரில் ஒரு பனிமலை,
செப்டம்பரில் அதன்மேல் நிற்க
முன்பணம் கட்டிவிட்டேன்.
நாற்பத்திரண்டு வயது.
பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லை.

சம்ப்பில் பிடித்த இரண்டு லிட்டர் பாட்டில்கள் ஆறு, முதுகுப்பையில்.
பன்னிரண்டு மாடி, ஆறு தடவை, வாரத்தில் நான்கு நாள்.
மூன்றாம் மாடியில் யாரோ மீன் பொரிக்கிறார்கள்.
ஏழாம் மாடியில் ஒரு பையன் வாய்ப்பாட்டோடு அழுகிறான்,
நான் இறங்கி மறுபடி ஏறும்போதும்
ஒன்பதேழைத் தாண்டவில்லை.
எட்டுக்கு மேல் சுவரெல்லாம் என் மூச்சுதான்.

உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிடு,
வெறும்பையோடு இறங்கு, முழங்கால் தப்பும்
என்கிறது பயிற்சி அட்டவணை.
அதை எழுதியவன் மே மாதத்தில் இந்த ஊருக்கு வந்ததில்லை.
லாரிக்கு புக் பண்ணிக் காத்திருக்கும் கட்டடத்தில்
பன்னிரண்டு லிட்டரைச் சாக்கடையில் விட
எனக்குக் கை வரவில்லை.

மேல்படியில் கஜபதி சார்,
மனைவி அறியாத சிகரெட்டோடு.
"லிஃப்ட் ரிப்பேரா?" என்றார் முதல் நாள்.
இரண்டாம் நாளும் அதையே.
மூன்றாம் நாள் பாட்டில்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல்
உள்ளே போய் ஒரு நீல வாளியைக் கொண்டுவந்து வைத்தார்.
அப்புறம், நான் வரும் சத்தம் கேட்டால்
சிகரெட்டை நசுக்கிவிடுவார்,
எனக்குக் காற்று வேண்டுமென்று.

ஞாயிறு விடியலில் பெசன்ட் நகர், அலை அரித்த மணல்மேடு.
தில்ஷாத் என்னைத் தள்ளிவிடுவாள்.
உருளும்போதே புரண்டு, பனிக்கோடாலியைக் குத்தி நிற்கவேண்டும்.
நாற்பது முறை விழுந்தேன்.
பதினொரு முறை நின்றேன்.
ரோந்து போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார்.
"என்னம்மா ஆயுதம் இது?"
"பனிக்கோடாலி சார்."
அவர் கடலைப் பார்த்தார், கழுத்தைத் துடைத்துக்கொண்டார்,
"பனி எப்ப வரும்?" என்றார்.

அலுவலகத்தில் நான் பிறருடைய கிளெய்ம்களைப் படிப்பவள்.
சறுக்கல், மூச்சுத்திணறல், காணவில்லை,
எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஓர் எண் உண்டு.
இப்போது என் படிவம்.
அவசரத்தில் தெரிவிக்கவேண்டியவர் என்ற கட்டம்
பதினெட்டு நாளாகக் காலி.
அண்ணனிடம் சொன்னால் அம்மாவுக்குப் போய்விடும்.
சுதர்சன் இப்போது வேறொருத்தியின் படிவத்தில் இருக்கிறான்.
தில்ஷாத் என்று எழுதினேன்.
ஒரே கயிற்றில் கட்டியிருப்பவர் ஆகாது என்று
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நேற்று, ஆறாவது ஏற்றம்.
வாளியில் ஊற்றிவிட்டு, மூச்சு வந்தபின்,
ஈரக்கையோடு படிவத்தை நீட்டினேன்.
கஜபதி சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
இரண்டு பக்கமும் படித்தார்.
பெயரை எழுதினார். எண்ணை எழுதினார்.
உறவு என்ற இடத்தில் பேனா நின்றது.
'மேல் மாடி' என்று போட்டார்.
பிறகு கேட்டார்:
"திரும்பி வந்தப்புறம்
எந்தத் தேதியிலேர்ந்தும்மா
வாளிய வெளிய வைக்கணும்?"