புகுமுக வகுப்பு

பர்மா சாலையில், பல் மருத்துவமனைக்கு மேல்மாடி.
கீழே யாருக்கோ கடைவாய்ப் பல்லைக் குடைகிறார்கள்.
அந்தச் சத்தம் தரைவழி ஏறி
எங்கள் நாற்காலிக் கால்களில் நடுங்குகிறது.
பர்மாவிலிருந்து வந்த மூவருக்கு
பர்மா சாலையிலேயே அறை பிடித்தது தற்செயல்தானாம்.
சியூ ஹூன் சொல்லிவிட்டுக் கறிபாப் எடுக்கப் போனாள்.

ஆட்சி மாறிய அனுபவத்தைச் சொல்லத்தான்
என்னை அழைத்திருந்தார்கள்.
பள்ளிக்கூடக் கணக்கெழுதுகிறவள் நான்.
அந்த மே மாதம் ஒன்பதாம் தேதி
நிபோங் தெபாலில், ஒரு சீனப்பள்ளி வகுப்பறையில்,
ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வேறொன்றும் செய்யவில்லை.

மொழிபெயர்க்க வந்த சோலையப்பன் மோல்மேன்காரர்.
அரசாங்கத்தை இன்னும் துரைத்தனம் என்கிறார்.
அழைப்பிதழின் தலைப்பிலேயே தடுக்கிவிட்டார்.
மலாயில் 'பெராலிஹான்' என்று போட்டிருந்தது.
"இதற்கு என்னம்மா சொல்லட்டும்?"

எனக்கு அந்தச் சொல்லைத் தெரியும்.
பதிமூன்று வயதில் அதற்குள் உட்கார்ந்திருக்கிறேன்.
தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தவளை
நேரே படிவம் ஒன்றுக்கு விடமாட்டார்கள்,
மலாய் போதாதாம்.
சைக்கிள் கொட்டகையை ஒட்டிய அறையில் ஓராண்டு.
மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.
அமிர்தவல்லி அந்த அறையிலிருந்தே
கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள்.
அவள் பெயரை மே மாதம் வரை கூப்பிட்டார்கள்.

"புகுமுக வகுப்பு என்று போடுங்கள்" என்றேன்.
மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு
பர்மியத்தில் நெடுநேரம் ஏதோ சொன்னார்.
மூவரும் எழுதிக்கொண்டார்கள்.

சொன்னேன். வரிசை, வெயில்,
கையெழுத்துப் போட மறுத்த அதிகாரி,
விடிகாலை மூன்று மணிக்கு நடுத்தெருவில்
முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டு அழுதது.
அப்புறம் இருபத்திரண்டு மாதம்.

தின் ஸார் கை தூக்கினாள்.
"கவிழ்த்தபோது சுட்டார்களா?"
இல்லை.
"உங்களைப் பிடித்தார்களா?"
இல்லை.
"பெட்டி?"
பெட்டி அப்படியே இருந்தது,
ஜெயித்தவர்கள்தான் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
பதினொரு பாடம் தயாரித்து வைத்திருந்தேன்.
நான்காவதோடு திரையை அணைத்தேன்.

அவளும் பள்ளிக்கூடத்துக்காரிதான், தலைமையாசிரியை.
"சரியாகத்தான் எண்ணினோம்" என்றாள்.
மூன்று மாதம் கழித்து
எண்ணியவர்களின் பட்டியல் கேட்டு வந்தார்களாம்.
மேற்கொண்டு சொல்லாமல்
வேறொன்று கேட்டாள்.
சோலையப்பன் காது சிவந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி,
சுவரிடம் மொழிபெயர்த்தார்.
"அத்தனை மணிநேரம்... ஒன்றுக்கு எப்படிப் போனீர்கள்?"

யாரிடமும் சொன்னதில்லை.
போகவில்லை.
பதினொரு மணிக்கே தண்ணீரை நிறுத்திவிட்டேன்.
இரண்டு நிமிடம் எழுந்து போனால்
பெட்டியோடு ஓர் அறை, அறையில் நானில்லை.
மறுநாள் காய்ச்சல், எரிச்சல்.
நாடே தெருவில் ஆட, எனக்கு ஏழு நாள் மாத்திரை.

தின் ஸார் மேசையை அறைந்து சிரித்தாள்.
லுங்கிக்குள் பழந்துணி மடித்து வைத்துக்கொண்டு
விடியலிலிருந்து இருந்தாளாம் அவள்.
கறிபாப் தட்டு அதிர்ந்தது.
சோலையப்பன் இதை மொழிபெயர்த்தாரா
நானாகவே புரிந்துகொண்டேனா, நினைவில்லை.

பிறகு அழைப்பிதழைத் திருப்பிப்போட்டு
ஒரு கட்டம் வரைந்தோம்.
ஓர் அறைக்கு எத்தனை பேர்,
எத்தனை மணிக்கு ஆள் மாற்றுவது,
பெண்ணுக்குப் பதில் பெண்,
சோறு யார் கொண்டுவருவது, எந்தக் கதவால்.
என் கோடு கோணலென்று
அவள் அடிமட்டம் கேட்டு வாங்கினாள்.

"எப்போது தேர்தல்?" என்றேன், அசட்டுத்தனமாக.
தேதிக்கான கட்டத்தை
மற்றவற்றைவிடச் சற்று அகலமாகப் போட்டுவிட்டு
அடுத்த கோட்டுக்குப் போனாள்.
கீழே குடைவது நின்றிருந்தது.
யாரோ வாய் கொப்பளித்துத் துப்பினார்கள்.