பதினான்கு பக்கங்கள்

அனுமதிச் சீட்டு இருபத்து மூன்று அனுப்பினேன்.
இருபத்தொன்று கையெழுத்தோடு திரும்பின.
ஒன்றில் காப்பிக் கறை மட்டும்.
ஒன்றில் பச்சை மையில் ஒரு கேள்வி:
"ஒன்பது வயதுக்கு இது எதற்கு?"

நியாயமான கேள்விதான்.
பதினான்குக்கு மேல் என்று பின்னட்டையே சொல்கிறது.
ஆனால் துலூத் நகரின் பள்ளிப் பேருந்தில்
பின்சீட்டு முழுக்க இந்த நாவல்தான்.
அக்காமார் பைகளிலிருந்து
தங்கைமார் தலையணைக்கு இறங்கி வருகிறது.
அணைக்கட்டுக்குக் கீழே ஒரு நகரம்,
தண்ணீர் திருடும் ஒரு பெண்,
அவளுக்குப் படகு ஓட்டும் யோரன்.
மெய்ஸி பொலியு அதைத் தூக்கி வரும்போது
செங்கல் சுமப்பவள்போல் ஒருபக்கமாய்ச் சாய்வாள்.

எப்படியும் படிக்கத்தான் போகிறார்கள்,
போர்வைக்குள் தனித்தனியே படிப்பதை
வெளிச்சத்தில் சேர்ந்து படிக்கலாமே என்றேன்.
தலைமையாசிரியர் ஓஸ்ட்பி யோசித்துவிட்டு,
"முத்தம் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

முத்தம் நூற்றுத் தொண்ணூறு.
அதன்மேல் மஞ்சள் ஒட்டுத்தாள்.
யோரன் மூழ்கிச் சாவது
இருநூற்று முப்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்று வரை.
பதினான்கு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட்.

நவம்பர். ஏரி ஈயம்போல் கிடந்தது.
பாலத்தடியில் தாதுக்கப்பல் ஒன்று ஊதிய நேரம்
குரல் பிசகாமல் தாண்டினேன்.
"யோரன் வேறு ஊருக்குப் போய்விட்டான்."
என் சொந்த வரி.
முழுப் பூசணிக்காய், ஒரு கரண்டிச் சோறு.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
வெண்டெல் காங்கஸ் மட்டும் நிமிர்ந்தான்.

வெண்டெலுக்குக் கணினித் தேர்வு கொடுத்த நிலை, ஜி.
ஜி என்றால் பூனை பாயில் உட்காரும்.
நாய் பூனையைப் பார்க்கும்.
அவ்வளவுதான் உலகம்.
தினமும் பத்தரைக்கு வேறு அறைக்கு அழைத்துப்போய்
அந்தப் பூனையைக் காட்டுவார்கள்.
என் வகுப்பில் அக்காவின் கிழிந்த பிரதியில்
நான் வாசிக்க வாசிக்க
விரலால் வரி தொட்டு வருவான்.
அன்று அந்த விரல்
போக்கிடம் தெரியாமல் நின்றுவிட்டது.

நான்கு நாள் இடைவேளைக்கு அவன் வெளியே வரவில்லை.
கோட்டுகள் தொங்கும் சந்தில்
ஈரப் பூட்ஸுகளுக்கு நடுவே
முழங்காலில் நாவல்.
உதடுகள் அசைந்தன.
நாளைக்கு மூன்றரைப் பக்கம்.
பூனையும் இல்லை, பாயும் இல்லை.

ஐந்தாம் நாள் என் மேசைக்கு வந்தான்.
"ஒன்றும் பயமாக இல்லை, மிஸ் ஹால்வர்.
முத்தம்தான் சகிக்கவில்லை."
போனவன் திரும்பி வந்தான்.
"நீங்கள் சொன்ன அந்த ஊரை
முன்பக்க வரைபடத்தில் தேடினேன். இல்லை."

மதியம் ரப்பர் பேண்டைக் கழற்றினேன்.
அழுதவர்கள் மூவர், என்னையும் சேர்த்து.
ஹோதன் வார்சமே கை தூக்கினாள்:
"லைஃப் ஜாக்கெட் ஏன் போடவில்லை?"
பற்றிக்கொண்டது வகுப்பு.
அரைமணி நேரம் யோரனைத் திட்டினார்கள்,
வாசலில் நிற்பவனைத் திட்டுவதுபோல.
அந்தக் குளிரில் இத்தனை நிமிடம் நீந்தவே முடியாது,
எழுதியவருக்கு ஏரி தெரியாது என்றான் எம்மெட்,
இழுவைப்படகுக்காரர் மகன்.

பச்சை மைக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
மூன்று முறை தொடங்கிக் கிழித்தாயிற்று.
வெண்டெலின் படிவத்தில் நிலை என்ற கட்டத்தில்
கணினி மறுபடியும் ஜி என்றது.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்:
பதினான்கு பக்கம், தனியாக, கோட்டுச் சந்தில்.

நூற்றுத் தொண்ணூறின்மேல்
மஞ்சள் தாள் இன்னும் இருக்கிறது, பேருக்கு.
இருபத்து மூன்று பேரும்
விளிம்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில்
பசை போய்விட்டது.