ஆறு நிமிடத் துண்டு

வழக்கறிஞரின் நேரத்தை ஆறு நிமிடத் துண்டுகளாக நறுக்குவார்கள்.
ஏழாம் நிமிடத்தைத் தொட்டால் இன்னொரு துண்டு.
டப்ளினில், ஆற்றின் வடகரையில், இரண்டாம் மாடியில்
அந்தத் துண்டுகளைக் கூட்டித் தருவது என் பிழைப்பு.

இன்றைய கட்டு: ஃபியாக்ரா மல்குவீன்.
வயது நாற்பத்தொன்று. லிமெரிக். பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.
ஆளை நான் பார்த்ததில்லை.

மார்ச் மூன்று. மனநல வார்டிலிருந்து தொலைபேசி. நான்கு நிமிடம். ஒரு துண்டு.
அன்றே மறுபடியும். கட்சிக்காரர் எதுவும் பேசவில்லை. ஒரு துண்டு.
மார்ச் நான்கு. பெல்ட்டையும் ஷூ நாடாவையும்
திருப்பிக் கேட்டுக் கடிதம். இரண்டு துண்டு.
மார்ச் ஆறு. தடுப்பு ஆணையைப் படித்தது.
மார்ச் ஏழு. அதையே திரும்பப் படித்தது:
மருத்துவர் கையெழுத்திட்ட நேரம் எழுதும் கட்டம்
காலியாக இருந்தது.

அந்தக் காலிக் கட்டத்தின் மேல்
மொத்த வழக்கும் ஏறி நின்றது.
மூத்த வழக்கறிஞர் ஒருவர், இளையவர் ஒருவர்,
பிரமாணப் பத்திரம் மூன்று,
கார்க்கிலிருந்து ரயிலேறி வந்த நிபுணர்
(மதியம் சூப், ரொட்டி; ரசீது இணைப்பில்).
உதவித் திட்டத்துக்கு எழுதிய விண்ணப்பத்தின் பதில்
எல்லாம் முடிந்தபின் வந்து சேர்ந்தது.

விசாரணைக்கு முந்தின மாலை
மருத்துவமனை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.
இருபத்தொரு நாள் ஆகாத குணம்
ஒரே பிற்பகலில் ஆகியிருந்தது.

ஆள்தான் வெளியே வந்தாயிற்றே, என்றார் நீதிபதி,
இனி நான் எதைத் தீர்ப்பது?
கட்டம் காலியா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை.
அவரவர் செலவு அவரவருக்கு.

சுண்டைக்காய் கால் பணம்.

மொத்தம் இருபத்தேழாயிரத்து எண்ணூற்று நாற்பது யூரோ.
மாதம் எண்பது தருவதாக எழுதியிருக்கிறார்.
போட்டுப் பார்த்தேன்: எழுபது வயதில் தீரும்.
இப்போதும் பேருந்து ஓட்டுகிறாரா என்பதற்குக்
கட்டில் காகிதம் எதுவும் இல்லை.

பேசாத அழைப்புக்கு யாராவது காசு கேட்பார்களா?
மார்ச் மூன்றின் இரண்டாம் வரியை அடித்தேன்.
முப்பத்திரண்டு யூரோ ஐம்பது சென்ட்.
என்னால் ஆனது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் அவருக்குப் பார்வைக்கு அனுப்பிய பிரதியைப் புரட்டினேன்.
ஓரமெல்லாம் பென்சில்.
நிபுணரின் ரயிலுக்கு நேரே: 'முதல் வகுப்பா?'
சூப்புக்கு நேரே ஒரு கேள்விக்குறி, அழுத்தி.
திரும்பப் படித்ததற்கு: 'முதல்முறை ஏன் கண்ணில் படவில்லை?'
நியாயம்தான். எல்லாவற்றுக்கும் பேரம்.

நான் அடித்த வரிக்கு நேரே மட்டும் எழுத்து சின்னதாகிறது:
'நர்ஸ் பக்கத்திலேயே நின்றாள். பேச முடியவில்லை.
அந்தப் பெண் போனை வைக்கவில்லை.
தட்டச்சு நின்றது கேட்டது.
இதைக் குறைக்க வேண்டாம்.'

வெளியே டிராம் மணி. நாலே கால்.
அடித்த கோட்டின் கீழ் புள்ளிகள் இட்டேன்,
அடித்தது செல்லாது என்பதற்கு
எங்கள் தொழிலில் அதுதான் அடையாளம்.
சூப்பை எடுத்துவிட்டேன்.